முற்றிலும் தன்விருப்பின் பேரில் ஒரு கொதிகலன்

சிறிதரன் நகரசபைக்குப் போனது குப்பைத் தொட்டி கேட்க. தொழிற்பேட்டையில் வாடகைக்கு எடுத்த ஷெட்டுக்கு ஒரு தொட்டி வேண்டும், மூடி சிவப்போ மஞ்சளோ எதுவானாலும் சரி. கவுண்டரில் இருந்த பெண் ஷெட்டில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். அரசாங்கக் கட்டடத்துக்குள் யாரும் எதையும் ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள் என்று சிறிதரன் நம்புவதில்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு கையும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, சிறிய அளவில் பியர் காய்ச்சப் போவதாகவும், பாஸ்கர் என்பவர் கூட்டு என்றும், சாமான்களை இனித்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். பாஸ்கரின் வீடு கெல்லிவில்லில் எந்தத் தெருவில் என்பதையும் கேட்காமலே ஒப்புவித்தார். அவள் சிரித்தபடி ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினாள். அதற்குப் பிறகு தொட்டியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

பிரசுரம் பல மொழிகளில் இருந்தது, தமிழிலும். சிறு பியர் உற்பத்தியாளர் உபகரணத் தெரிவு வழிகாட்டல் நடுவம் என்று தலைப்பு. சிறிதரன் காருக்குள் இருந்து அதை வாசித்தார். கடைசி வரிக்கு வந்தபோது கார்க் கதவைப் பூட்டிக்கொண்டார். ‘இதில் பங்கேற்பது முற்றிலும் உங்கள் தன்விருப்பின் பேரிலானது.’

இந்தச் சொல்லை அவர் முன்பே சந்தித்திருந்தார். வன்னியில் வீட்டுக்கு ஒருவர் தன்விருப்பின் பேரில் பதுங்குகுழி வெட்ட வரலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வராத வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். சண்டை முடிந்தபின் முள்வேலிக்குள் ஒரு வாக்குமூலம் வைத்து, தன்விருப்பின் பேரில் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். சொன்னவரின் மேசையில் துவக்கு இருந்தது. கடல் கடந்து வந்து தீவு முகாமில் கிடந்தபோது, மாதா மாதம் ஒரு அதிகாரி பிஸ்கட் கொண்டுவந்து, தன்விருப்பின் பேரில் நாடு திரும்பும் பத்திரத்தை முன்னால் தள்ளினார். வேண்டாம் என்றவர்கள் இன்னும் வெக்கையான கொட்டகைக்கு மாற்றப்பட்டார்கள். பலவந்தம் என்றாலாவது ஒளிய இடம் தேடலாம். தன்விருப்பம் என்று வந்துவிட்டால் ஒன்றும் செய்ய ஏலாது.

வீட்டில் மனைவி சந்திரவதனா குசினி மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரசுரத்தை வாசித்தாள். முதியோர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவள், பொதுவாக எதற்கும் அசையாதவள்.

“முற்றிலும் எண்டு வேற போட்டிருக்கு,” என்றாள்.

“ஓம். நானும் அதைத்தான் பாத்தனான்.”

“ஊரிலை கசிப்புக் காய்ச்சினவை ஒளிச்சுக் காய்ச்சினவை. கந்தோரிலை போய்ச் சொல்லிப்போட்டுக் காய்ச்ச வெளிக்கிட்டது நீங்கள் ஒரு ஆள்தான்.”

அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. அவர் வேலை செய்த பால் தொழிற்சாலையை மூடுகிறார்கள். இந்த நாட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தத் தொழிற்சாலையின் தாங்கிகளுக்குள் இறங்கிக் கழுவுவது. ஐம்பதைத் தாண்டிய முழங்காலை வைத்துக்கொண்டு இனி எவன் வேலை தரப் போகிறான்? பின்பக்கத்தில் மூன்று பழைய துருவேறா உருக்குத் தாங்கிகள் நின்றன. மேற்பார்வையாளர் பீற்றர், மாதக் கடைசி வெள்ளி மத்தியானத்துக்குள் வந்து தூக்கிக்கொண்டு போனால் உன்னுடையது, இல்லாவிட்டால் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார். ஒன்றுக்குக் கீழே அடுப்புப் பூட்டினால் கொதிகலன், மற்ற இரண்டும் பியர் நொதிப்பதற்கு. புதிதாக வாங்குவது கனவிலும் நடக்காத காரியம். அந்த மூன்று தாங்கியும் வந்தால் பிழைப்பு, வராவிட்டால் ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கெல்லாம் பாஸ்கருடையது. தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை, வீட்டுக் கராஜில் பனங்கட்டி போட்டுப் பியர் காய்ச்சிப் பழகியவர். மேய்ஸ் ஹில் கோயில் தரிப்பிடத்தில் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது அவர்தான் சிறிதரனின் காரில் இடித்தார். சிறிதரன் உடனே இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பில் தொடங்கியதுதான் இந்தக் கூட்டு.

சிறிதரன் மறுநாளே நடுவத்தில் போய்த் தன்விருப்பின் பேரில் சேர்ந்துகொண்டார்.

நடுவத்தின் பணிப்பாளர் பெலின்டா என்ற அம்மணி. அன்பான முகம். அதைக் கண்டதும் சிறிதரன் வாசலுக்குக் கிட்டிய கதிரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் கிரெய்க் என்ற அபாயக் கணிப்பாளர், கழுத்தில் ஒரு விசிலுடன். அறையில் நிறைய வெற்றுக் கதிரைகள் இருந்தன. பெலின்டா எழுந்து, அந்தக் கதிரைகளையும் சேர்த்து வரவேற்று, ஓர் உரை நிகழ்த்தினார்.

“நாங்கள் உங்களுக்காக உபகரணத்தைத் தெரிவு செய்வதில்லை. நீங்களாகத் தெரிவு செய்யவும் விடுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பான ஒரு வெளி இருக்கிறது. அங்கேதான் நாங்கள் வேலை செய்கிறோம். இந்த நடுவம் வருவதற்கு முன்னால் மனிதர்கள் ஒரு கொதிகலனை வாங்குவார்கள், அடுத்த கிழமை பியர் காய்ச்சத் தொடங்கிவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள், சிறி. அவர்களுக்கும் அந்தக் கொதிகலனுக்கும் இடையில் ஒரு ஆவணம்கூட இல்லை. இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. எங்களிடம் வந்தவர்களில் ஒருவராவது பிழையான உபகரணத்தை வாங்கியதாக வரலாறு இல்லை.”

சரியானதை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்க சிறிதரனுக்கு நாக்கு எழவில்லை. கேட்காமலே பெலின்டா மறுபடியும் சொன்னார்: “ஒருவரும் வாங்கவில்லை.”

பிறகு கிரெய்க் விசாரணையைத் தொடங்கினார். நீங்கள் ஏன் தண்ணீரைக் கொதிக்க வைக்க விரும்புகிறீர்கள்? பியருக்கு, என்றார் சிறிதரன். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, கொதிக்க வைக்கும் எண்ணம் முதலில் எப்போது தோன்றியது என்றார். தேநீர் கொடுத்துவிட்டு, கொதிக்காமல் இருந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்றார். ஒரே கேள்வியை மூன்று உடுப்பு மாற்றிக் கேட்டு, பதில் ஓரிடத்தில் பிசகினால் பொய்யன் என்று எழுதுவது அகதி விசாரணையில் அவர் கண்ட வழக்கம். அதனால் மூன்று தடவையும் அதே குரலில், அதே சொல்லில், பியருக்கு என்று சொன்னார். கிரெய்க் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உங்கள் குறிப்பு இலக்கம் என்ன என்றார். சிறிதரனின் வாய், தீவு முகாமில் பெயருக்குப் பதிலாக அவரை அழைத்த படகு இலக்கத்தைத் தானாகச் சொல்லிவிட்டது. கிரெய்க் அதைத் தட்டினார். கணினி ஏற்றுக்கொண்டது.

அடுத்த கட்டம் ஷெட்டில் நடந்தது. கற்பனை உபகரண ஒத்திகை என்று அதற்குப் பெயர். தெரிவு செய்யப்படாத உபகரணத்தோடு விண்ணப்பதாரர் எவ்வளவு பாதுகாப்பாகப் பழகுகிறார் என்று பார்ப்பார்களாம். கிரெய்க் வெறும் சீமெந்துத் தரையில் மஞ்சள் ஒட்டுநாடாவால் சதுரங்கள் ஒட்டினார். சுவரோரம் இரண்டு சிறியவை, நொதிக்கும் தாங்கிகள். நட்டநடுவில் பெரியது ஒன்று, அது கொதிகலன். இனிச் சாதாரணமாக வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் பெலின்டாவும் வாசலில் நின்றார்கள்.

சிறிதரன் ஒன்றுமில்லாத ஷெட்டில் சாதாரணமாக வேலை செய்தார். வெறும் கையால் வால்வைத் திருகினார். இல்லாத குழாயைச் சுருட்டினார். பெலின்டா, வெளிச்சம் காணாது, விளக்கைப் போடுவோமா என்றார். அதிகாரி கேட்டால் ஓடிப்போய்ச் செய்கிற பழக்கம். சிறிதரன் நேர்கோட்டில் சுவிட்சை நோக்கி ஓடினார். விசில் ஊதியது.

“அசையாதீர்கள்,” என்றார் கிரெய்க். “நீங்கள் கொதிகலனுக்குள் நிற்கிறீர்கள்.”

சிறிதரன் அசையவில்லை. அசையாதே என்ற கட்டளையை அவர் நன்றாக அறிவார். கிரெய்க் வந்து சதுரத்தின் ஓரத்தில் குந்தி, காலை அளந்து, இடது முழங்காலுக்குக் கீழே கடுமையான கொதிநீர்ப் புண் என்று எழுதினார். பெலின்டாவின் கண் கலங்கிவிட்டது. நடுவத்தில் பதிவான முதல் விபத்து அது. இரண்டு கிழமை ஷெட்டுக்குள் காலடி வைக்கக்கூடாது, வீட்டில் ஒருவர் தினமும் புண்ணுக்கு மருந்து கட்டியதாக உறுதிப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பானது.

இதைக் கேட்டால் சந்திரவதனா நடுவத்துக்கே போய் நாலு கேள்வி கேட்பாள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவள் அவரைக் கதிரையில் இருத்தி, காலைத் தூக்கி முக்காலியில் வைத்து, தன் வேலைத்தலத்தில் கட்டுகிற மாதிரி சுத்தமாகத் துணிச்சுருளால் கட்டினாள்.

“புண் இல்லையப்பா,” என்றார் சிறிதரன்.

“வந்து பாத்தினமெண்டா?”

நாலாம் நாள் கட்டோடு நடக்கையில் இலேசாக நொண்டினார். ஐந்தாம் நாள் உண்மையிலேயே வலித்தது.

அந்தக் கிழமை பாஸ்கர் வீட்டுக்கு வந்தார். கட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“அண்ணா, காலுக்கு என்ன ஆச்சு?”

“கொதிகலன் சுட்டுப்போட்டுது.”

“எந்தக் கொதிகலன்?”

“இன்னும் தெரிவு செய்யேல்லை.”

பாஸ்கர் மடிக்கணினியைத் திறந்து நடுவத்தின் பக்கத்தை வாசித்தார். இந்த நடுவத்துக்கும் தொழில் அனுமதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உண்மையான அனுமதிகளுக்கெல்லாம் தான் வீட்டிலிருந்தே விண்ணப்பித்தாகிவிட்டது, முக்கால்வாசி வந்தும் விட்டது என்று பொறுமையாக விளக்கினார். “அண்ணா, இது வாலண்டரி. புடிக்கலன்னா போக வேண்டாம். அவ்ளோதான். யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சந்திரவதனா பாஸ்கருக்குக் கோப்பி ஊற்றினாள்.

“தம்பி விசாவோடை பிளேனிலை வந்து இறங்கினவர்,” என்றாள் இரக்கத்தோடு. “அவருக்கு உதுகள் விளங்காது.”

நடுவத்தின் இறுதி அமர்வுக்கான அழைப்பு வந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை. தாங்கிகளை வெட்டுகிற அதே நாள். சிறிதரன் மூன்று தரம் ஒத்திகை பார்த்துவிட்டுத் தொலைபேசியில் பெலின்டாவை அழைத்து, வேறு நாளுக்கு மாற்ற ஏலுமா என்று கேட்டார். தாராளமாக மாற்றலாம், அதுவும் உங்கள் தன்விருப்பம்தான் என்றார் பெலின்டா இனிமையாக. சிறிதரனுக்கு மறுமொழி விளங்கிவிட்டது. சொன்ன நாளுக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.

பாஸ்கர் பாரந்தூக்கி பூட்டிய லொறி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் பீற்றர் தாங்கிகளைச் சிறிதரனின் கையில்தான் கொடுப்பார், வேறு ஆளிடம் கொடுக்கமாட்டார். மத்தியானத்துக்கு முன் வந்துவிடுவேன் என்று சிறிதரன் சத்தியம் செய்தார். அமர்வில் ஓம் ஓம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் கெதியாக முடிந்துவிடும் என்பது அவருடைய திட்டம்.

மேசைக்கு அந்தப் பக்கம் பெலின்டா, கிரெய்க், இன்னொரு புது அம்மணி. புது அம்மணி பண்பாட்டு ஆலோசகராம். விண்ணப்பதாரருக்கு உலோகத்தால் ஏற்கெனவே காயம் நேர்ந்திருப்பதாலும், அவருடைய மரபை மதிக்க நடுவம் கடமைப்பட்டிருப்பதாலும், உருக்குத் தாங்கியை விட்டு ஆளுயர மண்பானை ஒன்றைப் பரிசீலிக்கலாம் என்றார். திரையில் வயிறு பெருத்த ஒரு பானை தோன்றியது. உங்கள் வீட்டில் இப்படிப் பானைகள் இருந்திருக்கும் அல்லவா?

சிறிதரனின் அப்பா வீதிக்குக் கல்லுடைத்தவர். வீட்டில் இருந்த ஆகப் பெரிய பாத்திரம் தார் பீப்பாயைப் பாதியாக வெட்டியது. அதில் குளித்தார்கள், நெல் அவித்தார்கள், ஷெல் அடிக்கையில் தங்கச்சியை அதற்குள் இருத்தி மூடினார்கள்.

“ஓம்,” என்றார் சிறிதரன். “யெஸ் மேடம்.”

அம்மணியின் முகம் மலர்ந்தது. அப்படியானால் பானை நெருப்பைத் தாங்குமா என்று முதலில் ஆராய வேண்டும். தாங்காவிட்டால் கொதிக்க வைக்காமல் பியர் செய்யும் வழியைத் தேட வேண்டும். அதற்கென்று ஓர் உபகுழு. பெலின்டா உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்றார். “இதுதான் நாங்கள் கனவு கண்ட இடம். நெருப்பு இல்லை, ஆவி இல்லை, மணம் இல்லை, அபாயம் இல்லை. இதற்குள் பியரும் இல்லாமல் போகுமானால் முழுமையான பாதுகாப்பை எட்டிய முதலாவது பியர் ஆலை உங்களுடையதாகத்தான் இருக்கும்.”

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பாஸ்கரின் செய்தி. வெட்டுகிறவன் வந்துட்டான் அண்ணா, காஸ் சிலிண்டர் இறக்குறான்.

சிறிதரன் எழுந்தார். நிற்பாட்டப் போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கழிப்பறைக்குப் போகலாமா என்ற கேள்விதான் வந்தது. போய் வாருங்கள் என்றார்கள்.

முள்வேலிக்குள் இருந்த காலத்தில், தப்பி ஓடப் போகிறவன் தன் சாரத்தைக் கொடியில் காயப் போட்டுவிட்டுப் போவான். காவலுக்கு நிற்பவன் ஆள் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வான். சிறிதரன் தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கதிரையில் வைத்தார். அதன் மேல் தொப்பியையும் வைத்தார். நடைகூடத்தில் மெல்ல நடந்து, கழிப்பறையைத் தாண்டி, வாசலுக்கு வந்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. பூட்டியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

காரை எடுத்தவர் தொழிற்சாலை வரும் வரை பின்கண்ணாடியையே பார்த்தபடி ஓட்டினார். ஒருவரும் துரத்தவில்லை. முன்னால் போன சிறிய வான் கையைக் காட்டி வழி விட்டதும்கூட ஏதோ சூழ்ச்சியாகப் பட்டது.

வெட்டுகிறவன் முதல் தாங்கியின் வயிற்றில் சோக்கட்டியால் கோடு கீறி, கண்ணாடியையும் மாட்டிவிட்டான். பாஸ்கர் அவனுக்கும் தாங்கிக்கும் நடுவில் நின்று, எதைப் பற்றியோ மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். சிறிதரனைக் கண்டதும் பேச்சை நிறுத்தி அப்படியே தரையில் குந்திவிட்டார். பீற்றர், பிந்தி வந்தாலும் வந்துவிட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று தாங்கியும் லொறியில் ஏறின. முதல் தாங்கியில் அந்தச் சோக்குக் கோடு இன்றைக்கும் இருக்கிறது; சிறிதரன் அழிக்க விடுவதில்லை.

ஷெட்டில் இறக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. கொதிகலனுக்கு வசதியான இடம் நடுத்தரை. தண்ணீர் வடியும் துவாரமும் அங்கேதான். அங்கே மஞ்சள் சதுரம் அப்படியே கிடந்தது.

“அங்கை வேண்டாம்,” என்றார் சிறிதரன். “அதிலை ஒண்டு நிக்குது.”

பாஸ்கர் வாதாடிப் பார்த்தார். நாடாவை உரிக்கக் குனிந்தவரின் கையை, ஆயுளில் முதல் தடவையாகச் சிறிதரன் தட்டிவிட்டார். கடைசியில் தாங்கி சுவரோரம் போனது, வடிகுழாய் இரண்டு மடங்கு நீளமானது. ஒரு மாதத்தில் பாஸ்கரும் மூட்டையோடு வருகையில் சதுரத்தைச் சுற்றித்தான் நடந்தார். ஏன் என்று கேட்டால், பழகிப்போச்சு என்பார்.

அந்த மாதம் முழுக்கச் சிறிதரனின் வீட்டு வாசலில் ஒரு பை கட்டி இருந்தது. உடுப்பு, மாத்திரை, குடியுரிமைப் பத்திரம், சந்திரவதனா வறுத்துக் கொடுத்த அரிசி மா. ஊரில் ஆட்களைக் கடத்தியதைப் போல ஒரு வெள்ளை வான் தெருவில் நின்றால் அவர் சேர்ட்டைப் போட்டுக்கொள்வார். எல்லா வானிலிருந்தும் குழாய் திருத்துகிறவர்களே இறங்கினார்கள்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம். சனம் நன்றாக வந்தது. கோயில் பக்கத்து ஆட்கள் சிலர் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு வந்து, இதை மருந்துக்குத்தான் குடிக்கிறோம் என்கிற பாவனையில் குடித்தார்கள். எல்லோரும் சொல்லி வைத்தது போல மஞ்சள் சதுரத்தைச் சுற்றியே நின்றார்கள். அப்போது வாசலில் பெலின்டா வந்து நின்றார். கையில் சிறிதரனின் சாப்பாட்டுப் பெட்டி, அதன் மேல் தொப்பி.

சிறிதரன் ஊற்றிக்கொண்டிருந்த கிளாசை வைத்துவிட்டு, இரண்டு கையையும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு முன்னால் போனார். வீட்டு வாசலில் கட்டி வைத்த பையை நினைத்தார். அதற்குள் பற்பசை வைக்க மறந்துவிட்டது.

பெலின்டாவோ பெட்டியைக் கொடுத்துவிட்டு, யாரோ நீட்டிய கிளாசை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த இறுதி அமர்வு இன்னும் கலையவில்லையாம். சிறிதரனின் கழிப்பறை இடைவேளை பதிவில் நீடிக்கிறதாம். மேலிடத்துக்கு ஒவ்வொரு கிழமையும் விண்ணப்பதாரர் முன்னேறி வருகிறார் என்று அறிக்கை போகிறது.

“உங்களைத் தவிர எங்களிடம் வேறு ஆள் இல்லை, சிறி. ஒருவரும் வருவதில்லை. நீங்கள் முடித்துக்கொண்டதாகவோ விலகியதாகவோ தெரிந்தால் நடுவத்தை மூடிவிடுவார்கள். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. கிரெய்க்குக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. தயவுசெய்து திரும்பி வந்துவிடாதீர்கள். இடைவேளையிலேயே இருங்கள்.”

கிளாசைப் பிடித்த பெலின்டாவின் கை நடுங்கியது. சிறிதரன் அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எந்த இடத்தில் தொடங்கி எந்த விரலில் முடியும் என்று அவருக்குத் தெரியும். ஓம் என்று தலையாட்டினார். பெலின்டாவுக்கு மூச்சு வந்தது. முதல் தடவையாகச் சுவரோரத் தாங்கிகளை நிமிர்ந்து பார்த்தார், அழகாக இருக்கின்றன என்றார், கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டபடியே நேர்கோட்டில் நடந்தார்.

ஷெட்டில் பேச்சு நின்றது. பாஸ்கர் கையில் இருந்த பீப்பாயைக் கீழே வைத்தார்.

“மேடம்,” என்றார் சிறிதரன். உண்மையாகவே பயந்துவிட்டார். “அசையாதீர்கள். நீங்கள் கொதிகலனுக்குள் நிற்கிறீர்கள்.”

பெலின்டா கீழே பார்த்தார். மஞ்சள் நாடா அவரைச் சுற்றி நாலு பக்கமும் ஓடியது. பியர் கிளாசிலிருந்து தளும்பிச் சப்பாத்தில் ஊற்றியது. கூட்டத்தை ஒரு முறை பார்த்தார், வாசலை ஒரு முறை பார்த்தார். விபத்து ஒன்று நடந்தால் யார் யாருக்கு அறிவிக்க வேண்டும், அறிவிக்காத அதிகாரிக்கு என்ன ஆகும் என்பதை எழுதியவரே அவர்தான்.

“நான் இதை எழுதிக் கொடுக்க வேண்டுமா?” என்று மெல்லக் கேட்டார்.

சிறிதரன் அவரை ஆறுதல்படுத்த நினைத்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆகக் கனிவான வசனத்தைத் தேடி எடுத்தார்.

“பயப்படாதீர்கள் மேடம். எழுதுவது முற்றிலும் உங்கள் தன்விருப்பம்.”

பெலின்டாவின் முகம் வெளிறிப்போனது. ஒரு பேனா கிடைக்குமா என்று கேட்டார். அதற்குள் சந்திரவதனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, துணிச்சுருளோடும் முக்காலியோடும் வந்து சேர்ந்துவிட்டாள். சதுரத்துக்கு வெளியே நின்றபடி எந்தக் கால் என்று கேட்டாள்.

பெலின்டா குனிந்து பார்த்தார்.

“இரண்டும்,” என்றார்.